பட்டாசல்

கல்லிடைக்குறிச்சிப் பக்கம், கன்னடியன் கால்வாயை ஒட்டி எங்கள் வளவு. எல்லா வீட்டுக்கும் தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை. பட்டாசல் என்கிற கூடத்தில்தான் பெண் பார்த்தார்கள், நெல்மூட்டை அடுக்கினார்கள், பிள்ளைகள் வரிசையாகப் படுத்துத் தூங்கினோம். உயிர் போகிறவர்களைக் கிடத்துவதும் அங்கேதான்.

ஆச்சிக்கு முடியாமல் போனபோது டாக்டர், "இனி வீட்டுக்குக் கொண்டு போயிருங்க" என்றார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. மூச்சு நிற்பதற்குள் வீடு சேர வேண்டுமே என்பதுதான் பதற்றம். வெளியே இறந்தவர் உடம்பை வாசல்படி தாண்டவிடாத தெரு எங்களுடையது. மதினிமார் பட்டாசலைக் கழுவிவிட்டார்கள். பேரன் பேத்திகள் ஒவ்வொருவராகப் பாலாடையில் பால் விட்டோம். கடைசி மகன் திருப்பூரிலிருந்து வரும்வரை இழுத்துக்கொண்டு கிடந்தாள். அவர் விட்ட பால்தான் உள்ளே இறங்கவில்லை. பிறகு குளிப்பாட்டக் கால்வாயிலிருந்து நீர்மாலை வந்தது, சம்பந்தக்காரர்கள் கோடித்துணி போட்டார்கள்.

2021 மே மாதம், கொரோனா என்று பெரியப்பாவை ஏற்றிப்போன 108 வண்டியில் பெரியம்மையை ஏறவிடவில்லை. சில நாளில் போனில் சேதி வந்தது. கிருமிநாசினி தெளித்து, கசியாத பையில் மூடிய உடம்பு, நேரே சிந்துபூந்துறை மின்மயானத்துக்குப் போயிற்று. பையைத் திறந்து முகம் பார்க்கலாம், தொடக்கூடாது, குளிப்பாட்டக்கூடாது என்பது அப்போதைய விதி. நீர்மாலை, கோடி, வாய்க்கரிசி எதுவும் இல்லை. தொற்றுக்குப் பயந்ததை நான் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் உயிர் இருக்கும்போதே பெரியம்மைக்கு ஒரு கவச உடையைப் போட்டு உள்ளே அனுப்பியிருக்கலாம். ஒரு பாலாடைப் பால், அவ்வளவுதானே.

முந்தின வருஷம் இதற்கு நேர்மாறாக, வைத்தியமே இல்லாமல் சாவதும் நடந்தது. 2019-இல் நாட்டில் பதிவான இறப்புகளில் மருத்துவக் கவனிப்பே கிடைக்காதவை 34.5 சதவீதம்; 2020-இல் அது 45. ஆஸ்பத்திரியில் நேர்ந்தவை 32 சதவீதத்திலிருந்து 28 ஆகக் குறைந்தன. படுக்கைகள் கொரோனாவுக்குப் போயின, பஸ் ஓடவில்லை, எல்லாவற்றுக்கும் மேலே பயம். எங்கள் வளவிலேயே மூன்றாம் வீட்டு அத்தை நெஞ்சுவலியோடு விடியவிடியக் கிடந்தார். "ஆஸ்பத்திரிக்குப் போனா பையில கட்டித்தான் தருவாவ" என்று வண்டியில் ஏற மறுத்துவிட்டார். அவர் விரும்பியபடியே பட்டாசலில், எல்லோர் கையாலும் பால் குடித்துப் போனார். அறுபதுகூட ஆகவில்லை. நாங்கள் பால் விட்டுக்கொண்டிருக்க, அவர் மகன் தூணில் முட்டிக்கொண்டு அழுதான்: "கட்டித் தூக்கிட்டாவது போயிருக்கணும்லா!"