எழுபது வளைவும் ஒரு கிழ லாரியும்

நாமக்கல் என்றதும் உங்களுக்கு எது ஞாபகம் வருகிறது? தலைக்கு மேல் கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயரா? கணித மேதை ராமானுஜன் வீட்டார் கும்பிட்ட நாமகிரித் தாயாரா? அல்லது முட்டையா? எல்லாம் சரிதான். ஆனால் அங்கே முதலில் காதில் விழுவது கோயில் மணியல்ல, சுத்தியல் சத்தம்! லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் அத்தனை. எலும்புக்கூடாக வந்து சேரும் வண்டி, கல்யாணப் பெண்ணைப் போல் பொட்டும் பூவும் வரைந்துகொண்டு வெளியே போகிறது.

புது லாரியின் அழகை நாமக்கல்லில் பார்க்கலாம். கிழ லாரியின் குணத்தைப் பார்க்க வேண்டுமானால் சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளிக்குப் போய்க் கொல்லிமலை ஏற வேண்டும். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. ஒரு எலுமிச்சம்பழத்தை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே மிளகு, காப்பி, அன்னாசி, பலா, ஆகாய கங்கை அருவி எல்லாம் இருக்கின்றன. மரவள்ளிக் கிழங்கும் உண்டு. நீங்கள் பாயசத்தில் போடும் ஜவ்வரிசி அதிலிருந்து வருவதுதான்.

இந்தக் கிழங்குக்கு ஒரு பொல்லாத குணம். தோண்டி இரண்டு மூன்று நாளாகிவிட்டால் உள்ளே கருத்துப்போகும். அப்புறம் ஆலைக்காரர் முகம் கொடுக்கமாட்டார். ஆகையால், கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று இறக்கத்தில் ஓரமாக நிற்பதையும், அதன் நிழலில் ஓர் அம்மாள் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பதையும் பார்த்தபோது, விஷயம் லேசானதல்ல என்று தெரிந்தது. கிழங்கு அவளுடையது.

"ஏனுங்கண்ணா, வண்டி கெளம்புமுங்களா?" என்று கேட்டாள்.

"கெளம்புமுங்கம்மா. செத்தெ பொறுங்க" என்றார் நரைமீசை டிரைவர்.

கிளீனர் பையனுக்குப் பொறுமை இல்லை. "அண்ணே, கட்டையை எடுத்துட்டு உருட்டி விட்டா செகண்ட் கியர்ல புடிச்சுக்கும்!"

"புடிக்கலைன்னா? கீழே எத்தனை வளைவு இருக்குன்னு பலகையைப் பார்றா!"

பையன் வாய் திறக்கவில்லை. காற்றுப் பிரேக் உள்ள லாரிக்கு, அந்தக் காற்றைச் சேர்த்துத் தருவதே ஓடுகிற எஞ்சின்தான். எஞ்சின் செத்த நிலையில் பாரத்தோடு மலையில் உருண்டால், இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கை விரித்துவிடலாம். சமவெளியில் தள்ளிவிடுகிற சாமர்த்தியம் இங்கே ஆகாது.

பெரியவர் ஸ்பானரைத் தொடவே இல்லை. முதலில் காதைத் தீட்டிக்கொண்டு செல்ஃபை அழுத்தினார். 'டக்' என்று ஒரே சத்தத்தோடு நின்றால் பாட்டரி முனையைப் பார்க்க வேண்டுமாம். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே பாதி வண்டிகள் கிளம்பிவிடும். சோம்பலாக முனகினால் பாட்டரியில் சத்தில்லை. இந்த லாரியோ உற்சாகமாகவே சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. பழைய லாரியில் எஞ்சினை அணைக்க ஒரு குமிழை இழுப்பார்கள்; இழுத்ததைத் திரும்பத் தள்ள மறப்பவர் உண்டு. அதுவும் சரியாக இருந்தது.

"பொகை வருதாடா?"

"துளி கூட இல்லீங்கண்ணே."

வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, பற்றவில்லை என்று அர்த்தம். புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவேயில்லை. டாங்கில் குச்சி விட்டுப் பார்த்தார்; அடியில் கொஞ்சம்தான். இறக்கத்தில் அந்தக் கொஞ்சமும் ஒரு பக்கம் ஓடிவிட, உறிஞ்சும் குழாய் காற்றைக் குடித்திருக்கிறது! டீசலைப் பாய்ச்ச வேண்டிய இடத்தில் காற்று புகுந்தால் அது பஞ்சு மாதிரி நசுங்கிக் கொடுக்குமே தவிர, டீசலை முன்னே தள்ளாது.

மேலே ஏறி வந்த இன்னொரு லாரி, கேட்காமலே நின்றது. லாரிக்காரர்களிடம் இந்த ஒரு தர்மம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு கேன் டீசல் கிடைத்தது. அதை டாங்கில் ஊற்றிவிட்டு, பில்டர் தலையிலிருந்த திருகைச் சற்றே தளர்த்தி, கைப்பம்பை அழுத்தத் தொடங்கினார் பெரியவர். பம்ப் ஸ்டவ்வில் சமைத்த பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால் அந்தக் கைவாகு தெரிந்திருக்கும். முதலில் நுரை நுரையாக வந்தது. பையன் அவசரப்பட்டுத் திருகை முடுக்கப் போனான், கையைத் தட்டிவிட்டார். நுரை குறைந்து, குமிழி நின்று, தெளிந்த டீசல் வழிந்த பிறகுதான் முடுக்கினார்.

புது லாரிகளில் இதற்கெல்லாம் கணினியும் எச்சரிக்கை விளக்கும் வந்துவிட்டன. திருகு முறையும் வேறு. இந்தக் கிழவிக்கோ பெரியவரின் காதும் கையும்தான்.

செல்ஃப் சுற்றியது. ஒரு இருமல், மறு இருமல், அப்புறம் ஒரு கரும்புகை, மலையே அதிர்ந்தது! காற்றுமானியின் முள் ஏறும் வரை பெரியவர் வண்டியை நகர்த்தவில்லை. முள் ஏறியதும் பையன் கட்டையை உருவினான். அந்த அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேபினில் ஏறினாள்.

"மொதல்ல பங்குல நிறுத்துங்கண்ணா. காசு நாந் தர்றேன்" என்று அவள் சொன்னது, எஞ்சின் இரைச்சலையும் மீறிக் கேட்டது.