பிரம்பில்லாத வகுப்பு

நாம் ஆசிரியரல்லோம். எஸ்.எஸ்.எல்.சி. தேறி, ரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்து, பின்னர் இலாகாப் பரீட்சை எழுதிக் குமாஸ்தா ஆனோம். கரக்பூரில் பார்சல் ரசீதுகளோடு காலந்தள்ளும் நமக்குச் சின்னஞ்சிறு பிள்ளைகளின் வகுப்பைப் பற்றி எழுத என்ன தகுதி உண்டென்று வாசகர்கள் வினவலாம். மூன்று ஆண்டுகளுக்கு முன் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை நடத்த வேறெவரும் முன்வராதபோது, அப்பொறுப்பு நம் தலையில் வந்து விழுந்தது. அது ஒன்றே நமது தகுதி.

வகுப்பில் 23 பிள்ளைகள். ஐந்து வயது முதல் எட்டு வயது வரை. மற்ற நாட்களில் இவர்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ வங்காளியிலோ படிக்கிறார்கள். தெருவில் விளையாடுவது இவையெல்லாம் கலந்த ஒரு பாஷையில். தாயாரிடம் மட்டும் தமிழ். இத்தகைய குழந்தைகளை விடுமுறை நாளிலும் பாயில் உட்கார்த்தி, ‘அ, ஆ’ எழுதச் சொன்னால், அவர்கள் நம்மீது அன்பு சொரிவார்கள் என்று எதிர்பார்ப்பது பேராசையன்றோ?

முதல் சில வாரங்கள் பட்ட பாட்டை விவரிக்க வேண்டுவதில்லை. நாம் குரலை உயர்த்த உயர்த்த அவர்களும் உயர்த்தினார்கள். இரண்டு வண்டிகள் ஒரே சமயத்தில் வந்து நின்ற பிளாட்பாரம் போல இருந்தது அவ்வறை. ஆயினும் நாம் பிரம்பை எடுக்கவில்லை. நமது பிள்ளைப் பிராயத்தில் குட்டும், முழங்காற் படியிடுதலும், பிரம்படியும் தாராளமாகக் கிடைத்தன. வகுப்பு அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் கரும்பலகையைப் பார்க்க வேண்டிய நம் கண்கள் அந்தப் பிரம்பையே பார்த்துக்கொண்டிருந்தன. அன்றியும், 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பள்ளிப் பிள்ளைகளை அடிப்பதையும் அவர்கள் மனத்தைத் துன்புறுத்துவதையும் விலக்கியிருக்கிறது. அடிக்கவில்லை என்ற பெருமை நமக்கு நிரம்ப இருந்தது. அப்பிரிவின் பிற்பாதியைப் பற்றி நாம் சிந்திக்கவேயில்லை.

ஒருநாள், ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று வாசித்தான். அன்று நமக்கு இரவு டியூட்டி முடிந்த களைப்பு. “பளமா? அது எந்தக் கடையில் விற்கிறது?” என்று கேட்டோம். 22 பிள்ளைகளும் கொல்லென்று சிரித்தார்கள். அதன் பிறகு வகுப்பில் அப்படியொரு நிசப்தம்! வகுப்பை அடக்கும் வித்தை கைவந்துவிட்டதென்று எண்ணி, மகிழ்ச்சியோடு வீடு திரும்பினோம்.

அடுத்த ஞாயிறு அச்சிறுவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நான்காம் வாரம் அவன் வீட்டைத் தேடிச் சென்றோம். அவன் தந்தை ஒர்க்ஷாப்பில் கலாசி, சேலம் பக்கத்தவர். பையன் கதவின் பின்னால் போய் மறைந்துகொண்டான். தந்தையார் நம்மை நாற்காலியில் அமர்த்தித் தேநீர் வருவித்து, மிகுந்த தயக்கத்தோடு சொன்னார்: “சார், நீங்க ரெண்டு அடி அடிச்சிருந்தாக்கூட வந்திருப்பான். எல்லாரும் சிரிச்சாங்கன்னு சொல்றான். ஸ்கூல்ல மதராஸின்னு சொல்லிச் சிரிக்கிறாங்களாம். இங்க வந்தா தமிழ் வரலேன்னு சிரிக்கிறாங்களாம். நான் எங்கதாம்பா போறதுன்னு கேக்கறான்.”

நாம் மறுமொழி கூற இயலாமல், தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

நமது காலனியில் ஆரம்பப் பள்ளியில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவர் இருக்கிறார். அவரிடம் சென்று நடந்ததை ஒளிக்காமல் கூறினோம். அவர் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. மறு ஞாயிறு வகுப்பின் பின்வரிசையில் வந்தமர்ந்து, ஒரு காகிதத்தில் கோடு கிழித்துக்கொண்டேயிருந்தார். வகுப்பு முடிந்ததும் அக்காகிதத்தை நம்மிடம் நீட்டினார். ‘ஓடாதே’, ‘பேசாதே’, ‘சும்மா இரு’ என்று நாம் சொன்னது 37 தடவை. இன்னது செய்யுங்கள் என்று சொன்னது 4 தடவை. “செய்யக் கூடாதது தெரிந்துவிட்டது, செய்ய வேண்டியது என்னவென்று தம்பி இன்னும் சொல்லவில்லையே!” என்றார்.

அவர் யோசனைப்படி நாம் செய்த மாறுதல்கள் மிகச் சிறியவை. பிள்ளைகள் வருமுன் நாம் வந்துவிடுகிறோம். வாயிலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி வரவேற்கிறோம். செருப்பு எங்கே, பலகை எங்கே, குடிநீர் எங்கே என்பதற்கெல்லாம் பெயர் எழுதிய இடங்கள் உண்டு. சேருமிடம் எழுதாத மூட்டை எந்த நிலையத்தில் போய் இறங்கும் என்பது பார்சல் குமாஸ்தாவுக்குத் தெரியாததா? அதையே பிள்ளைகள் விஷயத்தில் மறந்துவிட்டோம்! வந்தவுடன் என்ன செய்வது, மணியடித்தால் என்ன செய்வது, எழுதி முடித்தவர் என்ன செய்வது ஆகியவற்றைச் சொல்லியதோடு நில்லாமல், இரண்டு ஞாயிறுகள் விளையாட்டாகவே ஒத்திகை பார்த்தோம். இப்போது கத்துவதில்லை. சிறு வெண்கல மணியை ஒருமுறை ஒலித்துவிட்டுக் காத்திருக்கிறோம். தொடக்கத்தில் அந்தக் காத்திருப்புத்தான் மிகவும் கடினமாக இருந்தது. கால் மணிக்கு மேல் ஒரே வேலையில் இவ்வயதுப் பிள்ளைகளை இருத்துவதுமில்லை. எழுதியபின் கதை, கதைக்குப்பின் எழுந்து நின்று கைதட்டிப் பாட்டு.

குறும்பு மிக்க பையனுக்கே பலகைகளை வழங்கும் வேலையைக் கொடுக்கச் சொன்னார் அம்மையார். அதாவது பழைய சட்டாம்பிள்ளைப் பதவி. ஆனால் பிரம்பில்லாத சட்டாம்பிள்ளை, வாரம் ஒருவர். நம்மவருக்கு இது புதிதல்ல. சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்த முறையை 1797-இல் நூலாக வெளியிட, அது இங்கிலாந்தில் ‘மதராஸ் முறை’ என்றே பெயர் பெற்றுப் பரவியது. பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதை அவர் கண்டறிந்ததும் நம் நாட்டுப் பள்ளியொன்றில்தான்.

இவையெல்லாம் ஒழுங்குக்கு உதவின. ஆனால் அந்தச் சிறுவனைத் திரும்ப அழைப்பது எங்ஙனம்? நம்மால் வந்த சிரிப்பு. நாமே அதை ஏற்றுக்கொள்வதென்று தீர்மானித்தோம். மீண்டும் அவன் வீட்டிற்குச் சென்று, “தம்பி, எனக்கு வங்காளி சரியாக வருவதில்லை. ஞாயிறன்று வந்து சொல்லித்தருவாயா?” என்று கேட்டோம். அவன் பதில் சொல்லவில்லை. எனினும் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். தண்ணீரைச் சுட்டி, நாம் “ஜல்” என்றோம். “ஜல் இல்லை, ஜோல்!” என்று வகுப்பே ஆர்ப்பரித்தது. மறுபடி முயன்றோம், மறுபடியும் தவறு. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முப்பது வயதைக் கடந்த நமக்கே முகம் சிவந்து காது சுட்டது. பாயின் ஓரத்தில் அமர்ந்திருந்த அவனும் சிரித்தான். பின்னர் எழுந்து அருகில் வந்து, வாயைக் குவித்துக் காட்டி, “இப்படி” என்றான்.

அன்று முதல் பிழை திருத்துவதென்றால் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, அவனுக்கு மட்டும் கேட்குமாறு சொல்கிறோம். நன்றாகச் செய்தால், ‘சபாஷ்’ என்று பொதுவாகக் கூறாமல், இன்ன எழுத்தின் சுழி நன்றாக அமைந்தது என்று குறிப்பிட்டே சொல்கிறோம். பாடம் முடிகையில் மௌன விளையாட்டு. 1939-இல் அடையாற்றுக்கு வந்து, யுத்தத்தினால் 1946 வரை நம் நாட்டிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரின் முறை அது. அனைவரும் அசையாது அமர்ந்திருக்க, கதவருகே நின்று ஒவ்வொரு பெயரையும் மெல்லிய குரலில் அழைக்கிறோம். தன் பெயரைக் கேட்ட பிள்ளை ஓசையின்றி எழுந்து வர வேண்டும். தொலைவிலே ஷண்டிங் எஞ்சினின் ஊதல் கேட்கும் அளவுக்கு அமைதி நிலவுகிறது. இந்த அமைதிக்கும் அன்றைய நிசப்தத்துக்கும் உள்ள வேற்றுமையை நாம் நன்கறிவோம்.

எல்லா ஞாயிறுகளும் இப்படியே அமைவதில்லை. மழைக்காலத்தில் இருவர் பலகையால் அடித்துக்கொண்டதும் உண்டு. நாம் நம்மை மறந்து கத்தியதும் உண்டு.

சென்ற ஞாயிறன்று அச்சிறுவன் ‘வாழைப்பழம்’ என்று எழுதியிருந்த அட்டையை வாசித்தான். முதல் ‘ழ’ அழகாக வந்தது. இரண்டாவது வழக்கம் போல் வழுக்கிவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் பக்கத்திலிருந்த ஐந்து வயதுச் சிறுமி மட்டும் தலையை ஆட்டிக்கொண்டு, “அண்ணா, எனக்கு ரெண்டாவதுதான் வரும். முதல்லே இருக்கிறது வராது” என்றாள். இருவரும் சேர்ந்து மீண்டும் ஒருமுறை வாசித்துப் பார்த்தார்கள்.