ஈயச் சொம்பும் ஐரோப்பாவும்

ஈயச் சொம்பில் ரசம் வைப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு சீரியல் பார்க்கப் போனால், திரும்பி வரும்போது சொம்பு இருக்காது. பர்னர் மேல் வெள்ளிக் குளமாக உருகிக் கிடக்கும். அது வெள்ளீயம், 232 டிகிரியில் உருகும். விஷமான காரீயம் வேறு ஜாதி.

எலெக்ட்ரானிக்ஸ்காரர்களுக்கு இரண்டும் வேண்டியிருந்தது. 63 பங்கு வெள்ளீயத்தோடு 37 பங்கு காரீயம் சேர்த்தால் 183 டிகிரியிலேயே சமர்த்தாக உருகும். அதுதான் சால்டர். வால்வு ரேடியோ காலத்திலிருந்து அதை வைத்துத்தான் ஒட்டினோம். 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய யூனியன், 'ரோஹ்ஸ்' என்ற சட்டம் போட்டுக் கூடாது என்றது. காரீயம், பாதரசம், காட்மியம் என்று ஆறு சமாசாரங்களுக்குத் தடை. தூக்கிப்போட்ட டிவியிலிருந்தும் கம்ப்யூட்டரிலிருந்தும் இவை மண்ணுக்கும் தண்ணீருக்கும் போகின்றன என்பது காரணம். நியாயமான காரணம்தான்.

அந்தச் சமயம், முன்பு என்னிடம் வேலை பார்த்த ஒருவர் அம்பத்தூரில் சின்னதாக யூனிட் வைத்திருந்தார். எட்டுப் பெண்கள், ஒரு ரீஃப்ளோ அடுப்பு, மனைவியின் நகை மேல் கடன். ஜெர்மனியில் காபி மெஷினுக்குள் வைக்க 600 கன்ட்ரோல் போர்டு ஆர்டர் கிடைத்திருந்தது.

காரீயம் இல்லாத சால்டருக்கு மாறினார். வெள்ளீயம், கொஞ்சம் வெள்ளி, துளி தாமிரம். இது உருக 217 டிகிரி வேண்டும். அடுப்பின் உச்சி 245-ஐத் தொடும். பழைய சூட்டுக்குப் பழகிய பாகங்களுக்கு இது கத்திரி வெயில். முதல் ட்ரேயில் கனெக்டரின் பிளாஸ்டிக் மெழுகுவர்த்தி போலச் சாய்ந்தது. கெபாசிட்டர்கள் உப்பின. வேறு கெபாசிட்டர், வேறு கனெக்டர் தேடி அலைந்தார். பாகங்களின் உலோகக் கால்களுக்கும் பூச்சு உண்டு, அதிலும் காரீயம் இருக்கக் கூடாது. ஆனால் சில கம்பெனிகள் பழைய பூச்சுக்கும் புதிய பூச்சுக்கும் ஒரே பார்ட் நம்பர்தான் வைத்திருந்தன. "புது ஸ்டாக்தான் சார், நம்பி எடுங்க" என்றார் கடைக்காரர். நம்பி எடுத்தார்.

600 போர்டும் முடிந்து, சாம்பிளை எக்ஸ்ரே சோதனைக்கு அனுப்பினால் கனெக்டரின் கால் பூச்சில் காரீயம்.

ராத்திரி ஒன்பது மணிக்கு ரிப்போர்ட்டோடு வீட்டுக்கு வந்தார். பார்த்துவிட்டுச் சொன்னேன். "0.1 சதவிகிதம் வரை சட்டமே விடறது. உன் போர்டு 150 கிராம். இந்தப் பூச்சில இருக்கறது சில மில்லிகிராம். பேசாம அனுப்பிடு."

முப்பது வருஷ அனுபவத்தோடு சொன்ன தப்பு. சட்டத்தை ஒழுங்காகப் படித்திருந்தவர் அவர்தான். 0.1 என்பது முழுப் பொருளின் எடையில் அல்ல. அதில் இருக்கும் ஒரே சீரான பொருள் ஒவ்வொன்றிலும். பிளாஸ்டிக் தனி, கால் தனி, தலைமுடியைவிட மெல்லிய பூச்சும் தனி. சாப்பாட்டில் மொத்தம் எத்தனை உப்பு என்பதல்ல கேள்வி; ஊறுகாயில் எத்தனை, அப்பளத்தில் எத்தனை என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள்.

"யாருப்பா சுரண்டிப் பாக்கப் போறா?" என்றேன், விடாமல்.

2001-ல் நெதர்லாந்தில் சோனியின் 13 லட்சம் ப்ளேஸ்டேஷன்களை நிறுத்திவைத்த கதையைச் சொன்னார். ஒயரில் காட்மியம் அதிகம் என்பதுதான் குற்றம். "சோனி எழுந்து நின்னுடுச்சு. என்னால முடியாது சார். அதோட, டிக்ளரேஷன்ல கையெழுத்து என்னோடது."

போர்டுக்கு 16 கால். 9,600 கால்களையும் பிடுங்கி, பழைய சால்டரை மிச்சமில்லாமல் உறிஞ்சி, மறுபடி ஒட்டினார்கள். பதினோரு நாள். கப்பலில் போகவேண்டியது விமானத்தில் போனது. ஆர்டர் பிழைத்தது, நகை திரும்ப இன்னொரு வருஷம் ஆயிற்று.

சட்டத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் இருந்தது. காலில் துளிக் காரீயம் குற்றம். அதிக சூட்டில் உருகும் சால்டரில் 85 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால் விதிவிலக்கு, ஏனென்றால் மாற்று கிடைக்கவில்லை! போதாக்குறைக்கு, காரீயம் சேராத வெள்ளீயப் பூச்சில் நாளடைவில் மீசை முளைக்கும். நிஜ மீசை. மெல்லிய உலோக இழை வளர்ந்து பக்கத்துக் காலைத் தொட்டு ஷார்ட் ஆகும். 1998-ல் கேலக்ஸி 4 சாட்டிலைட் செத்து, அமெரிக்காவில் பெரும்பாலான பேஜர்கள் ஊமையானதற்கு இந்த மீசையைத்தான் காரணம் சொன்னார்கள். அதைத் தடுத்துக்கொண்டிருந்தது விஷக் காரீயம்.

இந்தியாவிலும் 2014-லிருந்து அதே 0.1 கணக்கு வந்துவிட்டது. நண்பரிடம் இப்போது சொந்தமாக ஒரு எக்ஸ்ரே துப்பாக்கி இருக்கிறது. போனமாதம் அதோடு வந்திருந்தார். சும்மா இருக்காமல், என் அம்மா காலத்து ஈயச் சொம்பை எடுத்துவந்து நீட்டினேன். ட்ரிகரை அழுத்தினார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

உள்ளே ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த மனைவி, "சொம்பைக் குடுங்களேன்" என்றாள்.

"இன்னிக்கு எவர்சில்வர்ல வையேன்" என்றேன்.

"ஏன்?"

நண்பர் துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்தார்.