ரிச்சி தெருவுக்கு ஒரு ஸ்பீக்கர் பயணம்

உங்க ஊர் திருவிழாவுல ஆளுயரத்துக்குக் கறுப்புப் பெட்டி ஒண்ணு நின்னுச்சே, ஞாபகம் இருக்கா? பக்கத்துல போனா சட்டை படபடக்குமே, அதேதான். அது இப்போ எங்கே கிடக்குன்னு எப்பவாவது விசாரிச்சிருக்கீங்களா?

திண்டிவனம் பக்கத்துல என் நண்பன் வீட்டுல, மாட்டுக்கொட்டகையில கிடந்துச்சு. ரெண்டு பெட்டி, மேல வைக்கோல். அவங்க அப்பா ஒரு காலத்துல சவுண்ட் சர்வீஸ் வெச்சிருந்தவர். பழைய இரும்புக்காரர் வந்து விலை பேசிட்டுப் போனார். அப்பா சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: “எடைக்குப் போடறதா இருந்தா, நான் வீட்டுல இல்லாதப்போ போடுங்கடா.”

அப்புறம் எப்படிப் போட மனசு வரும்? திறந்து பார்த்தோம். உள்ளே 15 இஞ்ச் ஸ்பீக்கர். காகிதக் கோனை எலி கடிச்சுக் கந்தலாக்கியிருந்தது. ஆனா சட்டமும் காந்தமும் கல்லு மாதிரி அப்படியே இருந்துச்சு. அது போதும், பொழைக்க வெச்சிடலாம்!

இதுக்காகப் பெட்டியையே தூக்கிட்டு சென்னைக்குப் போக வேண்டாம். போல்ட்டைக் கழற்றினா ஸ்பீக்கர் மட்டும் தனியா வந்துடும். ரெண்டையும் சாக்குல சுத்தி பஸ் ஏறினோம். “உள்ளே என்னப்பா?”ன்னு கண்டக்டர் ரெண்டு தடவை கேட்டார்.

அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினா ரிச்சி தெரு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போயிடாதீங்க, பெரும்பாலான கடைகள் லீவு. மத்த நாள்ல தோளை இடிச்சுக்காம நடக்க முடியாது. ஈயம் உருகுற வாசனையைப் பிடிச்சுக்கிட்டே போனா, ஒரு மாடிப்படிக்குக் கீழே ஸ்பீக்கர் ரிப்பேர் பண்ற அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

வேலையைப் பார்க்கணுமே! பழைய கோனை அறுத்தெடுத்தார். காந்த இடுக்குல ஒட்டும் டேப்பை விட்டு, இரும்புத் துகளையெல்லாம் சுத்தமா எடுத்தார். புது வாய்ஸ் காயிலை இறக்கி, சுத்தியும் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் துண்டுகளைச் சொருகினார். ஏன்? காயில் நட்டநடுவுல நிக்கணும். கொஞ்சம் சாய்ஞ்சாலும் காந்தத்துல உரசிக் கரகரக்கும். அப்புறம் பசை. “நாளைக்கு வாங்க, காயணும்”னுட்டார்.

“ஏண்ணே, இவ்ளோ கனமா செஞ்சாங்க?”ன்னு கேட்டேன். விஷயம் சிம்பிள். அப்போ ஆம்ப்ளிஃபயர்ல வாட்ஸ் கம்மி, விலை ஜாஸ்தி. சத்தத்தை 3 டெசிபல் கூட்டணும்னா பவரை ரெண்டு மடங்காக்கணும். 10 டெசிபல்னா பத்து மடங்கு! அதனால குறைஞ்ச பவர்லயே நிறைய சத்தம் வர்ற மாதிரி பெரிய பெட்டி, பெரிய ஃபெரைட் காந்தம்னு போட்டாங்க. இப்போ வாட்ஸ் மலிவு. நியோடிமியம் காந்தம் வந்து எடையும் குறைஞ்சு போச்சு. முதுகுக்கு நல்லதுதான். ஆனா புதுசுல பல பெட்டிகள்ல ஆம்ப்ளிஃபயரும் உள்ளேயே இருக்கு. போர்டு போனா, அதே போர்டைத் தேடி அலையணும். பழசுல கிழியறது காகிதம், மாத்திக்கலாம்.

நீங்களும் பழசு வாங்கப் போறீங்களா? விரல்களை விரிச்சுக் கோனை மெதுவா, நேரா அழுத்துங்க. உரசல் கேட்கக் கூடாது. மல்டிமீட்டரை வெச்சா, 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6 ஓம் காட்டணும். தூக்க மட்டும் ரெண்டு பேர் வேணும், ஹீரோயிசம் வேண்டாம்.

ஊருக்கு வந்து மாட்டிப் போட்டோம். பாட்டு வந்துச்சு, ஆனா பேஸ் வரலை. ரெண்டு நாள் உழைப்பும் வீணாப் போச்சோன்னு நாங்க முழிக்க, திண்ணையில இருந்து அப்பா குரல் கொடுத்தார்: “ஒண்ணு தள்ளுது, ஒண்ணு இழுக்குதுடா. ஒயரை மாத்திப் போட்டிருக்கீங்க.”

டார்ச் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தோம். ஒரு கோன் வெளியே வந்துச்சு, இன்னொண்ணு உள்ளே போச்சு. பிளஸ், மைனஸ் இடம் மாறியிருந்தது! சரி பண்ணினதும் கொட்டகைத் தகரமே அதிர்ந்துச்சு. மாடு மிரண்டதுக்கு அம்மாகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டோம்.

அப்பா எழுந்து வந்து, பெட்டி மேல கையை வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னார். சரியா ராத்திரி 10 மணிக்கு அவரே ஆஃப் பண்ணினார். “சட்டம்டா”ன்னார்.

இரும்புக்காரர் மறுபடி வந்தப்போ அப்பா வீட்டுலதான் இருந்தார். பதிலும் அவரே சொல்லிட்டார்.

அடுத்த வாரம் எங்க பள்ளிக்கூட ஆண்டு விழா. பெட்டியைத் தூக்க ரெண்டு பேர் குறையுது. வர்றீங்களா?