ஊர் தூங்கும்போது இட்லி வேகும் காந்தி மார்க்கெட்!

திருச்சியின் மற்ற கடைவீதிகள் ஷட்டரை இழுத்துப் பூட்டும் நேரத்தில்தான் காந்தி மார்க்கெட்டுக்குப் பொழுது விடிகிறது. காய்கறி லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். மூட்டை இறக்கும் லோடுமேன்கள், கமிஷன் மண்டிக் கணக்கர்கள், வண்டியிலேயே காத்திருக்கும் டிரைவர்கள், விடிவதற்குள் சரக்கு வாங்கிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டிய சில்லறை வியாபாரிகள் என்று அந்த நேரத்திலும் கூட்டம் குறையாது.

இத்தனை பேருக்கும் பசிக்குமே! அதற்குத்தான் மார்க்கெட்டைச் சுற்றித் தள்ளுவண்டிகள் நிற்கின்றன. ஒன்றில் இட்லிப் பானை ஆவி பறக்கும். பக்கத்து வண்டியில் கல்லில் முட்டை உடையும். டீயோ, சுக்கு காபியோ குடித்துவிட்டு மறுபடி மூட்டை தூக்கப் போகிறவருக்கு உட்கார நாற்காலி தேவையில்லை. சீக்கிரம் கிடைக்க வேண்டும், சூடாக இருக்க வேண்டும், கையில் இருக்கும் காசுக்குள் அடங்க வேண்டும். அவ்வளவுதான்.

டிரக்கா, தள்ளுவண்டியா?

வேனுக்குள் அடுப்பு, வண்ண விளக்கு, பலகையில் மெனு என்று இன்று ஊருக்கு ஊர் ஃபுட் டிரக்குகள் வந்துவிட்டன. 2008-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் ராய் சோய் என்ற சமையற்கலைஞர் நண்பர்களோடு தொடங்கிய 'கோகி' டிரக்தான் இந்த அலைக்குப் பெரிய உந்துதல். வண்டி இன்று எங்கே நிற்கும் என்பதை ட்விட்டரில் சொல்லியே கூட்டம் சேர்த்தார்கள்.

கடை வாடகை இல்லை, அட்வான்ஸ் இல்லை, கூட்டம் இருக்கும் இடத்துக்கு நாமே போகலாம். இளைஞர்களை இழுப்பது இந்தக் கணக்குதான். ஆனால், செலவு வேறு வாசல் வழியாக வருகிறது. வேனின் அமைப்பை மாற்ற மோட்டார் வாகனச் சட்டப்படி அனுமதி வேண்டும். எஃப்.சி., இன்ஷூரன்ஸ், டீசல் என்று ஒவ்வொன்றுக்கும் பணம். வீட்டு சிலிண்டரில் வியாபாரம் செய்யக் கூடாது. வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும். 2011-ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி சின்ன வண்டிக்கும் பதிவு அவசியம். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதற்கும் 2018 ஜூலை முதல் கட்டுப்பாடு உண்டு.

எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி, எங்கே நிறுத்துவது? காந்தி மார்க்கெட்டைச் சுற்றியுள்ள சாலைகளில் லாரிக்கே இடம் போதாது. அங்கே ஒரு வேனை மணிக்கணக்கில் நிறுத்த முடியாது. தள்ளுவண்டி நாலடி இடத்தில் அடங்கிவிடும். அதனால்தான் இந்த வட்டாரத்தில் இன்னும் தள்ளுவண்டியே ராஜா.

ஒரு வேடிக்கையையும் கவனிக்கலாம். சக்கரம் இருந்தாலும் தள்ளுவண்டிக்காரர் தினமும் அதே இடத்தில்தான் நிற்பார். இடம் மாறினால் வாடிக்கையாளர் தேடி வரமாட்டார். ஒரு தட்டில் ஐந்து ரூபாய் மிஞ்சினால், 500 ரூபாய் பார்க்க 100 தட்டு விற்க வேண்டும். ஒரு ராத்திரி மழை பெய்தால் அரைத்த மாவும் நஷ்டம், அன்றைய வருமானமும் நஷ்டம். 'வண்டியை எடு' என்ற குரல் கேட்கும்போதுதான் சக்கரம் உருள்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

தெருவோர வியாபாரிகளுக்காக 2014-ல் மத்திய அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. அதன்படி வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் தர வேண்டும். ஊர்தோறும் அமையும் விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவிகிதம் பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். சான்றிதழ் பெற்றவரை அந்த இடத்திலிருந்து அகற்ற 30 நாள் நோட்டீஸ் கட்டாயம். கெட்டுப்போகும் பொருளைப் பறிமுதல் செய்தால், உரியவர் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும்.

2020-ல் தொடங்கிய 'பி.எம். ஸ்வநிதி' திட்டத்தில் பிணையில்லாமல் 10,000 ரூபாய் முதல் கடன் கிடைத்தது. 2025-ல் அது 15,000 ஆனது. கந்துவட்டிக்குப் போகாமல் அடுப்பும் பாத்திரமும் வாங்க இது உதவும். ஆனால், சான்றிதழை வாங்கி பத்திரமாக வைத்திருப்பவருக்கே சட்டத்தின் முழுப் பாதுகாப்பும் கிடைக்கும்.

மார்க்கெட் நகர்ந்தால்?

நெரிசலைக் குறைக்க திருச்சி - மதுரை நெடுஞ்சாலையில் கள்ளிக்குடியில் கட்டிய புதிய வளாகம் 2017-ல் திறக்கப்பட்டது. காந்தி மார்க்கெட் வியாபாரிகள் அங்கே போக மறுத்தார்கள். விவகாரம் கோர்ட் வரை போனது. 2020-ல் கொரோனாவால் மார்க்கெட் மூடப்பட்டு, மொத்த வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்குப் போனது. நவம்பர் இறுதியில்தான் காந்தி மார்க்கெட் மறுபடி திறந்தது. லாரி வராத ராத்திரியில் இட்லிக்கு ஆள் ஏது?

இப்போது பஞ்சப்பூர் முறை. அங்கே புதிய பஸ் நிலையத்தைத் திறந்த 2025 மே மாதத்திலேயே, பெரிய காய்கறி மார்க்கெட்டுக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. நெரிசலில் தவிக்கும் ஊருக்கு அது தேவைதான். மண்டிக்காரருக்கு அங்கே கடை கிடைக்கலாம். கடை எண்ணே இல்லாத இட்லி வண்டிக்கு?

சிங்கப்பூர் இதற்கு ஒரு வழி காட்டியது. 1970-களில் தெருவோர உணவுக்காரர்களைத் தண்ணீர், சாக்கடை வசதியுள்ள அங்காடி மையங்களுக்குள் கொண்டுவந்தது. அந்த உணவுப் பண்பாட்டை 2020-ல் யுனெஸ்கோவே தன் பட்டியலில் சேர்த்தது. பஞ்சப்பூரிலும் ஒரு குழாய், ஒரு கழிவுநீர் வாய்க்கால், வண்டி நிற்க நாலடி இடம் என வரைபடத்திலேயே ஒதுக்கினால் போதும். பின்னால் ஆக்கிரமிப்பு என்று அகற்ற வேண்டியிருக்காது.

எங்கே போனாலும் மூட்டை தூக்குகிறவருக்கு ராத்திரி இரண்டு மணிக்குப் பசிக்கத்தான் செய்யும். அப்போது கூப்பிடும் தூரத்தில் ஒரு இட்லிப் பானை கொதிக்க வேண்டும்.