விடுபட்ட இடக்கை

மகிழுந்து ஓட்டக் கற்பவர் முதல் வாரத்தில் சாலையைப் பார்ப்பதில்லை. கண்கள் சாலையில் இருந்தாலும் மனம் கால்களிலும் இடக்கையிலுமே இருக்கும். வலக்கால் முடுக்கியிலிருந்து விலக, இடக்கால் கிளட்சை அழுத்த, இடக்கை கியர்த்தண்டை நகர்த்த வேண்டும். பின்னர் இடக்கால் மெல்ல மேலெழும்போதே வலக்கால் மெல்லக் கீழிறங்க வேண்டும். இவற்றுள் ஒன்று சற்றுப் பிந்தினாலும் வண்டி குலுங்கி நின்றுவிடும். நான் கற்றது ஒரு பழைய அம்பாசிடரில். அதன் கியர்த்தண்டு ஸ்டியரிங்குக்குக் கீழே பக்கவாட்டில் நீண்டிருக்கும். நான் குனிந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் பயிற்றுநர், “ரோட்டைப் பாருங்க சார், கியரு எங்கயும் ஓடிப்போயிடாது” என்பார். அவர் கண்ட ஆபத்து சரியானதே. குனிந்த அந்த இரண்டு நொடிகளில் ஒரு குழந்தை சாலையின் குறுக்கே வந்திருக்கலாம்.

கியர் எதற்கு? எஞ்சின் குறிப்பிட்ட சுழற்சி வேகங்களில்தான் நன்றாக உழைக்கும். நின்ற வண்டியை நகர்த்தவும் மேட்டில் ஏற்றவும் மிகுந்த விசை வேண்டும். சமவெளியில் விரையும்போது விசை குறைந்தாலும் வேகம் வேண்டும். வெவ்வேறு அளவுள்ள பற்சக்கரங்களை மாற்றி இணைத்து இந்தப் பேரத்தை முடித்துத் தருவதே கியர்ப்பெட்டியின் வேலை. பல்லிணை என்னும் தமிழ்ச்சொல் இதனை அழகாகவே உணர்த்துகிறது. கியர் வைத்த மிதிவண்டியில் மேடேறியவர்களுக்கு இதைக் கால்களே சொல்லியிருக்கும்.

தொடக்ககால வண்டிகளில் இரு சக்கரங்களின் வேகத்தையும் ஓட்டுநரே காதால் கணித்து இணைக்க வேண்டியிருந்தது. தவறினால் பற்கள் உரசி ஓலமிடும். அந்தத் துன்பத்தைக் குறைக்கும் ஒத்திசைவுக் கியர்ப்பெட்டி 1928இல் அமெரிக்காவின் காடிலாக் மகிழுந்துகளில் வந்தது. அதனை உருவாக்கிய எர்ல் தாம்சன் அத்துடன் நிற்கவில்லை. அவர் தலைமையில் உருவான ஹைட்ராமேட்டிக் என்னும் தானியங்கிக் கியர்ப்பெட்டியை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939இல் அறிமுகப்படுத்தியது. 1940ஆம் ஆண்டுக்கான ஓல்ட்ஸ்மொபைல் மகிழுந்துகளில் அது பொருத்தப்பட்டது. கிளட்ச் மிதி மறைந்தது; எண்ணெயின் அழுத்தமே பற்சக்கரத் தொகுதிகளை மாற்றியது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் எம்5 இலகு பீரங்கி வண்டிகளிலும் இதே அமைப்பு இடம்பெற்றது.

நம் நாட்டில் இவ்வசதி நெடுங்காலம் விலையுயர்ந்த வண்டிகளுக்கே உரியதாயிருந்தது. 2014இல் மாருதி சுசுகியின் செலரியோ வந்தபோது நிலை மாறத் தொடங்கியது. அதில் கியர்ப்பெட்டியும் கிளட்சும் பழைய வகையே. கையும் காலும் செய்த வேலையை மட்டும் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் கருவிகள் ஏற்றுக்கொண்டன. புதியதொரு கியர்ப்பெட்டி தேவைப்படாததால் விலை கட்டுக்குள் நின்றது.

இந்த மாற்றத்தால் சாலைக்கு உண்மையில் நன்மை உண்டா? இசுரேலின் டேவிட் ஷைனாரும் உடன் ஆய்வாளர்களும் 1998இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்குச் சுவையான விடை தருகிறது. கையால் கியர் மாற்றி ஓட்டிய புதிய ஓட்டுநர்கள், தானியங்கி வண்டி ஓட்டிய புதியவர்களைவிடச் சாலையோர அறிவிப்புகளை மிகுதியாகக் கவனிக்கத் தவறினர். அனுபவமிக்க ஓட்டுநர்களிடம் அந்த வேறுபாடு இல்லை. அவர்களுடைய கை, மனத்தைக் கேளாமலே இயங்கப் பழகியிருந்தது. ஆகவே பெரிதும் பயன்பெறுபவர் கற்றுக்குட்டியே. இன்னும் ஓரிரு ஆண்டுகளில் ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கப்போகும் உங்களுக்கு இது வேண்டிய செய்தி.

ஆனால், மிச்சமான கவனம் சாலைக்குத்தான் போய்ச் சேரும் என்று யார் உறுதி சொன்னது? நண்பர் ஒருவர், என்னைப் போலவே தமிழாசிரியர், அண்மையில் தானியங்கி மகிழுந்து வாங்கினார். அதில் உடன்சென்றபோது அவருடைய இடக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதற்பத்துக் கிலோமீட்டர் அது வேலையிழந்த கூலியாளைப்போல் தொடையின்மேல் கிடந்தது. பிறகு கைப்பேசியைத் தேடி எடுத்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், கையில் கைப்பேசியுடன் ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதல் என்றே கொள்கிறது. “ஐயா, அதை என்னிடம் கொடுங்கள்” என்று வாங்கி வைத்துக்கொண்டேன். கியர்த்தண்டு பறித்த கவனத்தைவிடக் கைப்பேசி பறிப்பது பெரிது. கியரை மாற்றும் மனம் சாலையின் ஏற்ற இறக்கத்தோடாவது தொடர்பில் இருக்கும்.

அதே வண்டியில் பின்னொரு நாள் கொல்லிமலையிலிருந்து இறங்கினோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதை அது. நண்பர் முடுக்கியிலிருந்து காலை எடுத்ததும், சுமை குறைந்ததென்று கருதிய இயந்திரம் உயர்ந்த கியருக்குத் தாவியது. வண்டி விரைந்தது, அவர் பிரேக்கை மீண்டும் மீண்டும் அழுத்தினார். நெடும் இறக்கத்தில் அப்படி அழுத்திக்கொண்டே இருந்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பு தளரும். தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். மலைப்பாதை ஓட்டுநர்கள் காலங்காலமாய் அறிந்தது இது. இயந்திரத்துக்குத் தெரிந்தவை வண்டியின் வேகமும் மிதியின் நிலையுமே. அடுத்த வளைவு அவர் கண்ணுக்கு மட்டுமே தெரிந்தது. அடுத்த வளைவுக்கு முன்பே அவர் தண்டைத் தானியங்கி நிலையிலிருந்து விடுவித்து, கையால் மாற்றும் ‘எம்’ நிலைக்குக் கொண்டுவந்து, இரண்டாம் கியருக்கு இறக்கினார். எஞ்சின் உறுமி, வண்டி அடங்கியது. அடிவாரத்துக் காரவள்ளி வரும்வரை தண்டு அந்நிலையிலேயே இருந்தது.