மாட்டிடம் சொன்னவை

கிணற்றில் தண்ணீர் இறைக்கக் கவலை ஓட்டுகிறவர் வாயை மூடினால் மாடு நின்றுவிடும். சித்தூர்ப் பக்கம் கிணற்றை நம்பிப் பயிர் வைத்த எல்லோருக்கும் இது தெரியும். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத சீமை அது. கிணற்று மேட்டிலிருந்து சரிவாக ஒரு பாதை இறங்கும். மாடுகள் இரண்டும் அதில் இறங்கினால் தோல் சால் நிறைந்து மேலே வரும். வடத்தின் மேல் ஆள் ஏறி உட்கார்ந்து தன் கனத்தையும் சேர்த்துக் கொடுப்பார். சால் மேலே வந்ததும் அதன் வால் வழியாகத் தண்ணீர் தொட்டியில் கொட்டும். அதுவரை சிரமம் இல்லை. பிறகுதான் மாடுகள் திரும்பாமல், பின்னாலேயே நடந்து மேடேற வேண்டும். முன்னால் போகிற மாட்டைக் கோலைக் காட்டி ஓட்டலாம். பின்னால் நடக்கிற மாட்டைப் பேசித்தான் நடத்த முடியும்.

எங்கள் நைனா, அதாவது அப்பா, வீட்டில் அதிகம் பேசாதவர். சாப்பிடக் கூப்பிட்டால் ஒரு “ம்”, பரீட்சை மார்க்கைக் காட்டினால் இன்னொரு “ம்”. விடியாத இருட்டில் கவலை பூட்டிவிட்டால் மட்டும் அவருக்கு வேறு நாக்கு முளைக்கும். “ரா ரா நைனா, வெனக்கி... வெனக்கி... அப்படித்தான். இன்னாடா அவசரம், கல்யாணத்துக்கா போறே?” தமிழும் தெலுங்கும் பின்னிக்கொண்டு வரும். மாடுகள் புங்கனூர் சந்தையில் வாங்கியவை, தெலுங்கு கேட்டு வளர்ந்தவை. நைனாவோ தமிழில் திட்டிப் பழகியவர். சமாதானம் தெலுங்கில், வசவு தமிழில் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். 1911இல் வட ஆர்க்காட்டிலிருந்து பிரித்துச் சித்தூரைத் தனி மாவட்டமாக்கினார்கள், 1960இல் திருத்தணியைத் தமிழ்நாட்டுப் பக்கம் மாற்றினார்கள். எந்த ஊர் யாருக்கு என்று மனிதர்கள் வருஷக்கணக்கில் வழக்காடிய மண்ணில் எங்கள் செவலைக்கும் மயிலைக்கும் இரண்டு பாஷைகளும் போதுமானவையாக இருந்தன.

நாங்கள் அவரை நைனா என்றோம். அவர் மாட்டை நைனா என்றார். அந்த வாஞ்சை எங்கள் பக்கம் திரும்பியதில்லை. திரும்பவேண்டும் என்று எதிர்பார்க்கும் வழக்கமும் அப்போது இல்லை. ஆனால் வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டு நிற்கிற எனக்கு எல்லாம் காதில் விழும். சொசைட்டிக் கடன், வேர்க்கடலை விலை, பங்காளி தகராறு. “பெரியவனுக்குப் பீசு கட்டணும்டா செவலை, இன்னும் கொஞ்சம் இழு.” அந்தப் பெரியவன் நான். என் படிப்பு அவருக்கு ஒரு கவலை என்பது அவர் செவலையிடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கிணற்றுக்குக் கிணறு கரண்டு மோட்டார் வந்தது. மோட்டாரிடம் சொல்ல எதுவும் இல்லை, பொத்தானை அமுக்கினால் போதும். கவலை திரும்ப வரவேண்டும் என்று நான் ஏங்கவில்லை. மாட்டுக் கழுத்தில் நுகத்தடி உராய்ந்த புண்ணையும் அதில் அவர் வேப்பெண்ணெய் தடவியதையும் பார்த்தவன் அப்படி ஏங்க முடியாது. வேலை போனதில் வருத்தமில்லை. அந்த வேலையோடு அவருடைய பேச்சும் போய்விட்டது, அதற்குத்தான் வருத்தம்.

மாட்டுக் கொட்டகைப் பேச்சு வேறு ரகம். ஆயாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஓர் எருமை நின்றது. இருவரும் நேருக்கு நேர் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. “வேளாவேளைக்குத் தின்னத் தெரியுது, ஒரு வேலைக்குத் துப்பு இல்லையே” என்று ஆயா எருமையின் முதுகில் தட்டுவாள். காது மட்டும் அடுப்பங்கரைப் பக்கம் இருக்கும். அம்மா சும்மா இருப்பாளா? முற்றத்தில் தானியத்தை இறைத்து, “பா... பா... தின்னுங்க, உங்களையாவது யாரும் கணக்குக் கேக்க மாட்டாங்க” என்று கோழிகளுக்கு உபசாரம் செய்வாள். எருமை யார் பக்கமும் சாயாமல் அசைபோடும். சாடைப் பேச்சுக்கு மாடு, கோழி, நாய் எதுவும் இல்லாத அடுக்குமாடி வீட்டில் மாமியாரும் மருமகளும் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கனுமப் பண்டிகை, அதாவது மாட்டுப் பொங்கல் அன்று எல்லா மாடுகளிடமும் ஒருமுறை மன்றாடியாக வேண்டும். மூலிகைகளையும் மரப்பட்டைகளையும் உப்போடு இடித்து வைத்திருப்பார்கள். கசப்பு தாங்காது. நாக்கைப் பிடித்திழுத்து வாய்க்குள் கையை விட்டுத் திணிக்க வேண்டும். “ஒரு வாய்டா, ஒரே வாய், அவ்ளோதான்” என்று ஊரே கெஞ்சும். மதியத்துக்கு மேல் கொம்புக்கு வர்ணம். சந்திரகிரிப் பக்கத்து ரங்கம்பேட்டையில் கொம்பில் பலகை கட்டி மாட்டை ஓடவிட்டு, இளவட்டங்கள் அதைப் பிடுங்க ஓடுவார்கள். எங்கள் ஊரில் அந்த வீரம் கிடையாது, கசப்பு மருந்து மட்டும்தான்.

அதே நாட்களில் கங்கிரெத்துக்காரர் வருவார். தமிழ்நாட்டில் பூம்பூம் மாட்டுக்காரர் என்பார்கள். அங்கேயும் அவர்கள் வீட்டில் பேசுவது தெலுங்குதான். உருமியை இழுத்துவிட்டு, இந்த வீட்டு அம்மாவுக்கு நல்ல காலம் வருமா என்று மாட்டைக் கேட்பார். அது தலையாட்டும். கயிற்றின் சூட்சுமம் எங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் ஆயா முறத்தில் நெல்லோடு காத்திருந்து, தன் பங்குக்கு ஒரு கேள்வி கேட்பாள்: பெரியவனுக்கு வேலை கிடைக்குமா? மாடு இல்லை என்று சொன்னதே கிடையாது.

வேலை கிடைத்தது, சென்னையில். பிறகு ஊருக்குப் போகும்போதெல்லாம் கொட்டகை மாறிக்கொண்டே வந்தது. ஜெர்சிக் கலப்புப் பசுக்கள் வந்தன. பால் பணம் வந்தது. சித்தூர் கூட்டுறவு டெய்ரி 2002இல் மூடிய பிறகும் தனியார் வண்டிகள் வாசலுக்கே வந்து பால் எடுத்தன. பொய் சொல்லக்கூடாது, வேர்க்கடலை காய்ந்து போன வருஷங்களில் எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றியது அந்தப் பால்தான்.

புங்கனூர்க் குட்டை மாட்டின் கதைதான் விசித்திரம். ஒரு மீட்டர் உயரம்கூட இருக்காது, பாலில் கொழுப்பு எட்டு விழுக்காடு என்பார்கள். காய்ந்த புல்லைத் தின்று மேட்டு நிலத்தில் உழைத்த மாடு அது. பால் அளவு குறைவு என்று எல்லோரும் கைவிட்டோம். பலமநேர் ஆராய்ச்சி நிலையம் கைவிடவில்லை. 2024 சங்கராந்தியை ஒட்டிப் பிரதமர் தன் வீட்டில் அந்த மாடுகளுக்குத் தீனி கொடுக்கும் படம் வந்ததும் திடீரென்று அதற்கு மவுசு ஏறிவிட்டது. இப்போது நகரத்து வீட்டுக் கூடத்தில், வழுக்குகிற டைல்ஸ் தரையில் நிற்கிற கன்றைச் செல்லம், தங்கம் என்று கொஞ்சுகிறார்கள். கொஞ்சட்டும். ஆனால் அதில் வசவே இல்லை. கடன் இல்லை, சாடை இல்லை, “இன்னாடா அவசரம்” இல்லை. சக மனிதனிடம் பேசுவதுபோல் சரிக்குச் சரியாகப் பேசிய பேச்சைக் கேட்டு வளர்ந்த எனக்கு இந்த ஒரே இனிப்பு திகட்டுகிறது.

சென்னையில் இன்னொரு வேடிக்கை. எங்கள் குடியிருப்பில் எல்லோரும் நாயிடம் இங்கிலீஷில்தான் பேசுகிறார்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாகூட “சிட், சிட்” என்கிறார். “த்தோ” என்று நான் ஒருமுறை கூப்பிட்டேன். அந்த லாப்ரடார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

திருப்பதியில் தங்கை வீடு. போனால் கபில தீர்த்தத்துச் சிவன் கோயிலுக்கு ஒரு நடை போய் வருவேன். வாசலில் பெரிய கல் நந்தி. காதில் வேண்டுதல் சொல்வதற்கு ஆள் குறைவதே இல்லை. எவ்வளவு சொன்னாலும் நந்திக்குப் பதில் சொல்லும் பாரம் இல்லை, சால் இழுக்கும் பாரமும் இல்லை. குப்பம் பக்கத்துச் சொந்தக்காரர்கள் காட்டு யானையிடமும் பேசுவார்கள். எண்பதுகளில் ஓசூர்க் காடுகளிலிருந்து யானைகள் அங்கே வந்து தங்கிவிட்டன. 1990இல் அந்தக் காட்டைக் கவுண்டின்யா சரணாலயம் ஆக்கினார்கள். யானை என்று பெயர் சொல்லமாட்டார்கள். “சாமி, புள்ள குட்டிக்காரங்க சாமி, அப்படியே போயிடு” என்று வரப்பில் கைகூப்பி நிற்பார்கள். சாமி போவதும் உண்டு, ராகியைத் தின்றுவிட்டுப் போவதும் உண்டு. அந்தப் பேச்சில்தான் இன்னும் பழைய உப்பு இருக்கிறது, ஏனென்றால் பேசுகிறவருக்கு அதில் உயிர்க் காரியம் இருக்கிறது.

போன பொங்கலுக்குத் தம்பி மகன் புதுக் கொட்டகை கட்டியிருந்தான். சிமெண்டுத் தரை, பால் கறக்கும் மெஷின், மூலையில் எப்போதும் பாடும் எஃப்எம் ரேடியோ. சத்தம் பழகினால் மாடுகள் மிரளாமல் நிற்குமாம். தெலுங்குப் பாட்டு, தமிழ்ப் பாட்டு, நடுவில் நகைக்கடை விளம்பரம் என்று எல்லாவற்றையும் அவை கேட்டுக்கொண்டிருந்தன. நீ ஒன்றும் பேசமாட்டாயா என்று கேட்டேன்.

“இன்னா பேசறது பெரிப்பா? எல்லாத்துக்கும் காதுல நம்பர் போட்டாச்சு.”

மஞ்சள் வில்லையில் 12 இலக்கம். முழுசாகப் படித்துக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றும் திரும்பவில்லை. “ரா ரா நைனா” என்றேன். ஒரு கிடேரி திரும்பியது, தவிட்டுக்காக இருக்கலாம். தம்பி மகன் சிரித்தான். அவன் போன பிறகு அதனிடம் அவனைப் பற்றிக் கொஞ்சம் குறை சொல்லிவிட்டு வந்தேன்.